சேலத்திலிருந்து சால்ட் லேக் சிட்டியின் பேஸ்பால் வரலாறு: ஒரு ஸ்கோரர் சொல்லும் வழி

மகனோ மகளோ யூட்டா மாநிலத்தில் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பேரப்பிள்ளை அங்கே பேஸ்பால் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிகிறான். சேலத்தில் இப்படிப்பட்ட வீடுகள் இப்போது இருக்கின்றன, எங்கள் வீடும் அதில் ஒன்று. வீடியோ காலில் "தாத்தா, நேத்து பீஸ் ஜெயிச்சிட்டாங்க" என்று பேரன் சொல்லும்போது, "அப்படியா கண்ணு" என்பதோடு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. பீஸ், அதாவது தேனீக்கள், என்ற சால்ட் லேக் சிட்டி டீமின் நூறு வருஷக் கதையை அஸ்தம்பட்டியிலோ அம்மாப்பேட்டையிலோ வீட்டில் உட்கார்ந்தபடியே படித்துவிடலாம். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் டிவிஷன் லீக் கிரிக்கெட்டுக்குப் பல வருஷம் ஸ்கோர் எழுதியவன். பேஸ்பால் எனக்குப் பேரன் வழியாக வந்தது. ஆனால் ஸ்கோர் புத்தகம் எழுதிப் பழகிய கைக்கு அந்த ஆட்டம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஸ்கேல், பென்சில், இணையம் உள்ள போன் அல்லது கம்ப்யூட்டர். இவ்வளவு போதும்.

முதலில் லீக்கின் அமைப்பு

இதைப் புரிந்துகொள்ளாமல் வரலாற்றுக்குள் போனால் எதுவும் விளங்காது. நம் ஊர் டிவிஷன் லீக்கில் ஒரு கிளப் நன்றாக ஆடினால் அடுத்த டிவிஷனுக்கு ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும். அமெரிக்க மைனர் லீக்கில் அப்படிக் கிடையாது. டீம் தன் படியிலேயே நிற்கும், ஏறி இறங்குவது ஆட்டக்காரர்கள். மேஜர் லீக் என்ற உச்சப் படியில் 30 டீம்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று நான்கு டீம்கள், ஆக மொத்தம் 120. இந்தக் கணக்கு 2021-இல் வந்தது. அதற்கு முன்பு டீம்கள் இதைவிட அதிகம். சால்ட் லேக் பீஸ் இப்போது ட்ரிபிள்-ஏ படியில், லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் என்ற பெரிய டீமுக்குக் கீழே இருக்கிறது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் தருவது மேலே உள்ள டீம். மைதானம், டிக்கெட், தின்பண்டக் கடை இதெல்லாம் உள்ளூர் முதலாளியின் பொறுப்பு.

இதனால் என்ன ஆகும் என்றால், நன்றாக ஆடுகிறவன் நடுவிலேயே பறிபோய்விடுவான். 2012-இல் மைக் ட்ரவுட் என்ற இளைஞர் சால்ட் லேக்குக்காக 20 ஆட்டம் ஆடினார், பேட்டிங் சராசரி .403 (மிக உயர்ந்த எண், கணக்கைப் பின்னால் சொல்கிறேன்). ஏப்ரல் 28-ஆம் தேதி மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவர் இந்தத் தலைமுறையின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவராகிவிட்டார். சால்ட் லேக் ரசிகனுக்குக் கிடைத்தது ஏப்ரலில் சில வாரம்தான். ஆகவே "எத்தனை கோப்பை?" என்று ஆரம்பிக்காதீர்கள். மைனர் லீக் ஊரின் கதை கோப்பைக் கணக்கில் இல்லை. யார் வந்தார்கள், யார் போனார்கள், ஊர் எதைத் தக்க வைத்துக்கொண்டது என்பதில்தான் இருக்கிறது.

டீம் பெயரை விடுங்கள், மைதானத்தைப் பிடியுங்கள்

நோட்டை விரித்து இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஒரு நீளக் கோடு போடுங்கள். இடது ஓரம் 1915, வலது ஓரம் 2025. கோட்டுக்கு மேலே டீம்களின் பெயர், கீழே மைதானம். நான் பார்த்தவரை எல்லோரும் மேல் பகுதியை மட்டும்தான் நிரப்புகிறார்கள். அப்படிச் செய்தால் தலை சுற்றிவிடும். இந்த ஊரில் பெயர்கள் வந்து வந்து போயின. நிலையாக நின்றது கீழ்ப் பகுதி.

மேல் பகுதியை நாம் சேர்ந்தே நிரப்பிப் பார்ப்போம். 1903-இல் மேற்குக் கடற்கரையில் பசிபிக் கோஸ்ட் லீக் தொடங்கியது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்த ஒரு டீம் சால்ட் லேக்குக்கு வந்து பீஸ் ஆனது. தேன்கூடு யூட்டா மாநிலத்தின் சின்னம் என்பதால் தேனீக்களின் பெயர் ஊருக்குப் பொருந்திப்போனது. 1925 வரை இருந்தார்கள். ஆனால் மற்ற ஊர்கள் எல்லாம் கடற்கரையோரம், சால்ட் லேக் மட்டும் மலைக்கு நடுவே தனியாக. ரயில் செலவு கட்டுப்படியாகவில்லை, ஊரும் சின்னது. முதலாளி பில் லேன் 1926-இல் டீமை லாஸ் ஏஞ்சலசுக்குக் கொண்டுபோய் ஹாலிவுட் ஸ்டார்ஸ் ஆக்கினார். அதே டீம் 1936-இல் சான் டியேகோவுக்குப் போய் பாட்ரெஸ் ஆனது. டெட் வில்லியம்ஸ் என்ற மாபெரும் பேட்டர் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியது அங்கேதான்.

அப்புறம் சால்ட் லேக்கில் சிறிய லீக்குகள். 1926 முதல் 1928 வரை யூட்டா-ஐடஹோ லீக். 1939-இல் பயனியர் லீக் தொடங்கியபோது அதில் சேர்ந்தார்கள், போர்க்காலத்தில் சில வருஷம் நின்று, 1946 முதல் 1957 வரை மறுபடியும் ஆடினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 1958-இல் நியூயார்க்கிலிருந்து ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பெரிய டீம் லாஸ் ஏஞ்சலசுக்கு இடம் மாறியது. பெரியவன் வந்தால் சின்னவனுக்கு அங்கே இடமில்லை. ஹாலிவுட் ஸ்டார்ஸ் என்ற பெயரில் அப்போது ஆடிக்கொண்டிருந்த டீம் (பழைய பீஸ் அல்ல, 1938-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்து அதே பெயரை எடுத்துக்கொண்ட வேறொரு டீம்) மூட்டை கட்டிக்கொண்டு எங்கே வந்தது தெரியுமா? சால்ட் லேக்குக்கு. 1926-இல் ஹாலிவுட்டுக்கு ஒரு டீமைக் கொடுத்த ஊர், 32 வருஷம் கழித்து ஹாலிவுட்டிலிருந்து ஒன்றைப் பெற்றுக்கொண்டது. வந்த மறுவருஷமே, 1959-இல், பசிபிக் கோஸ்ட் லீக்கில் முதலிடம் பிடித்தார்கள். உங்கள் கோட்டில் இந்த இரண்டு அம்புக்குறிகளையும் சிவப்பில் போடுங்கள். நூறு வருஷ வரைபடத்தில் கண்ணுக்கு முதலில் படவேண்டியவை அவை.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த டீம் 1965-க்குப் பிறகு டகோமாவுக்குப் போனது. மூன்று வருஷம் பயனியர் லீக். 1970-இல் பசிபிக் கோஸ்ட் லீக் திரும்ப வந்தது, முதலில் பீஸ், பிறகு ஏஞ்சல்ஸ், 1975 முதல் கல்ஸ். 1971-லும் 1979-லும் கோப்பை. 1984 சீசன் முடிந்ததும் அதுவும் கனடாவின் கால்கரிக்குப் போய்விட்டது. 1985 முதல் 1992 வரை பயனியர் லீக்கில் ட்ராப்பர்ஸ். 1994-இல் போர்ட்லாந்திலிருந்து ஜோ புசாஸ் என்பவர் கொண்டுவந்த டீம்தான் இன்று வரை இருப்பது. முதலில் பஸ் (பேருந்து அல்ல, தேனீயின் ரீங்காரம்) என்று பெயர், அதன்மேல் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் வழக்குப் போட்டதால் 2001-இல் ஸ்டிங்கர்ஸ், 2006 முதல் பழையபடி பீஸ்.

இப்போது கோட்டின் கீழ்ப் பகுதியைப் பாருங்கள். 1915 முதல் பானவில் பார்க். 1928-இல் கம்யூனிட்டி பார்க் திறந்தார்கள். பிறகு அதன் பெயர் டெர்க்ஸ் ஃபீல்ட். 1946-இல் தீப்பிடித்துக் கேலரி எரிந்தது, திரும்பக் கட்டினார்கள். 1993-இல் இடித்து, அதே மண்ணில் 1994-இல் புது மைதானம் கட்டினார்கள். பிறகு அதற்கும் ஸ்பான்சர் மாற மாறப் பெயர் மாறியது: ஃபிராங்க்ளின் குவெஸ்ட், ஃபிராங்க்ளின் கவி, ஸ்பிரிங் மொபைல், கடைசியாக ஸ்மித்ஸ். ஆனால் இடம் மட்டும் 1300 சவுத், வெஸ்ட் டெம்பிள் தெரு சந்திக்கும் அதே மூலை, 1928 முதல் 2024 வரை. மேலே அத்தனை டீம்கள் வந்து போயும் கீழே ஒரே ஒரு மூலை. வரலாற்றை இந்த மூலையிலிருந்து எழுதினால் எல்லாம் கோர்வையாக வந்துவிடும். டீமின் பின்னால் ஓடினால் நீங்கள் சான் டியேகோவிலோ கால்கரியிலோ போய் நிற்பீர்கள்.

டெர்க்ஸ் யார் என்று கேட்பீர்கள். ஜான் சி. டெர்க்ஸ், சால்ட் லேக் ட்ரிப்யூன் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர். ஆட்டக்காரரும் இல்லை, முதலாளியும் இல்லை. ஆட்டம் பார்த்து, மறுநாள் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த மனிதர். ஒரு ஊர் தன் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தது என்றால் அந்த ஊர் விளையாட்டை எப்படி மதித்திருக்கிறது பாருங்கள்! பவுண்டரிக்கு வெளியே வெயிலில் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி வைத்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பெயர்மேல் தனி மரியாதை. நம் மாவட்டத்திலும் முப்பது நாற்பது வருஷம் ஸ்கோர் எழுதியவர்கள், உள்ளூர் நிருபர்கள் இருக்கிறார்கள். ஒரு கேலரிக்காவது அவர்கள் பெயர் வைக்கலாம்.

ஸ்கோர் அட்டையை வாசிக்கப் பழகுதல்

கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் தெரிந்தவருக்கு இது சுலபம் என்று சொன்னேன் அல்லவா? காரணம் ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். பேஸ்பாலுக்குப் பாக்ஸ் ஸ்கோர் என்ற அட்டையை வளர்த்தெடுத்தவர் அவர்தான். நம் புத்தகமும் அந்த அட்டையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

முதலில் மேலே உள்ள நீள வரிசை. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்பது கட்டம், அதற்கப்புறம் ஆர், எச், ஈ என்று மூன்று கட்டம்: ரன், ஹிட் (அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸ் சேர்வது; பேஸ் என்பது ரன் எடுக்க வரிசையாகச் சுற்றி வர வேண்டிய நான்கு முனைகளில் ஒன்று), எர்ரர், அதாவது ஃபீல்டிங் தவறு. கீழ் வரிசையில் இருப்பது எப்போதும் உள்ளூர் டீம், ஏனென்றால் அவர்கள் இரண்டாவதாக பேட் செய்வார்கள். அவர்களின் ஒன்பதாவது கட்டத்தில் எண்ணுக்குப் பதில் எக்ஸ் இருந்தால், முன்னிலையில் இருந்ததால் ஆட வேண்டிய அவசியமே வரவில்லை என்று அர்த்தம்.

பிறகு ஒவ்வொரு பேட்டரின் வரிசை. இன்றைய அட்டையில் ஒருவர் பெயருக்கு எதிரே 4, 1, 2, 3 என்று இருந்தால், நான்கு முறை பேட் செய்தார், ஒரு ரன் ஓடினார், இரண்டு ஹிட் அடித்தார், அவர் அடித்ததால் டீமுக்கு மூன்று ரன் வந்தது. நான்கு மோசமான பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போனால் அது "பேட் செய்தார்" கணக்கில் வராது. கிரிக்கெட்டில் வைடு பந்து பேட்ஸ்மேன் கணக்கில் வராத மாதிரிதான். சராசரி என்பது ஹிட்டை அந்த முறைகளால் வகுப்பது. .300 என்றால் நல்ல பேட்டர். பத்தில் மூன்று முறை ஜெயிப்பவனைத்தான் அங்கே கொண்டாடுகிறார்கள். இதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 40, 50 சராசரி பார்த்துப் பழகிய நமக்கு எண்களின் எடை புரியாது.

ஃபீல்டர்களுக்கு எண் உண்டு. பிட்சர் (பந்து வீசுபவர்) 1, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிப்பவர்) 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளி மைதானத்தில் இடது 7, நடு 8, வலது 9. அட்டையில் 6-4-3 என்று கண்டால், தரையோடு வந்த பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு வீச, அங்கிருந்தவர் மிதித்து ஒரு ஆளை அவுட்டாக்கி, உடனே முதல் பேஸுக்கு வீசி இன்னொரு ஆளையும் அவுட்டாக்கினார்கள் என்று பொருள். மூன்றே எண்ணில் மூன்று பேரின் கைவேலை. நம் புத்தகத்தில் "கேட்ச் இவர், பவுல்டு அவர்" என்று எழுதுவதைவிட இது அழகு என்று நான் நினைக்கிறேன்.

பழைய அட்டைகளில் ஒரு விஷயம் கவனியுங்கள். 1920-களின் பத்திரிகையில் பேட்டர் பெயருக்கு எதிரே முறை, ரன், ஹிட் ஆகிய மூன்றுக்கு அப்புறம் பெரும்பாலும் ஃபீல்டிங் எண்கள்தான் வரும்: எத்தனை அவுட் முடித்தார், எத்தனைக்கு உதவினார், எத்தனை தவறு. யாரால் ரன் வந்தது என்பதற்குத் தனிக் கட்டம் இருக்காது. அதேபோல் முன்னிலையைக் கடைசி வரை காப்பாற்றிக் கொடுத்த பிட்சருக்குச் "சேவ்" என்பது அதிகாரபூர்வக் கணக்காக வந்தது 1969-இல்தான். அதற்கு முந்தைய அட்டையில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்கே தேடுவது

மூன்று இடம் போதும். யூட்டா டிஜிட்டல் நியூஸ்பேப்பர்ஸ் என்ற தளத்தை யூட்டா பல்கலைக்கழக நூலகம் நடத்துகிறது. அந்த மாநிலத்தின் பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது, பதிவு கிடையாது. சால்ட் லேக் டெலிகிராம் பத்திரிகையிலிருந்து ஆரம்பியுங்கள். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் மைனர் லீக்குக்கு ஒரு தனிப் பகுதி உண்டு, வருஷவாரியாக டீம், ஆட்டக்காரர் எண்கள் அங்கே கிடைக்கும். மூன்றாவது, சேபர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கம். 1971-இல் தொடங்கியது. அவர்கள் எழுதிய ஆட்டக்காரர் வாழ்க்கைக் குறிப்புகளை யாரும் படிக்கலாம்.

தேடும்போது ஒன்றைக் கடைப்பிடியுங்கள். பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். கம்ப்யூட்டர் பழைய அச்சைப் படிக்கும்போது எழுத்து மாறிப்போகும், அந்தக் காலத்து அச்சுக்கோப்பவரும் வெளிநாட்டுப் பெயர்களை நாலு விதமாகக் கோத்திருப்பார். ஆட்டத்தின் தேதியைத் தெரிந்துகொண்டு, அதற்கு மறுநாள் பத்திரிகையைத் திறந்து, விளையாட்டுப் பக்கத்தைக் கண்ணால் தேடுங்கள். நேரம் பிடிக்கும்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் பக்கத்துச் செய்தியும் விளம்பரமும் படிக்கக் கிடைக்கும், ஊர் அப்படித்தான் மனதில் பதியும். டிக்கெட் விலை, தொப்பிக் கடை, மழையால் தள்ளிவைத்த அறிவிப்பு, இதையெல்லாம் எந்தப் புள்ளிவிவரத் தளமும் தராது.

எந்த வருஷத்தில் தொடங்குவது என்று கேட்டால், இரண்டு வருஷம் சொல்வேன். ஒன்று 1925. மற்றது 1987.

1925

டோனி லசேரி. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அந்த வருஷம் சால்ட் லேக்குக்காக 197 ஆட்டத்தில் 60 ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸும் சுற்றி வந்து ரன் எடுப்பது, பெரும்பாலும் நம் சிக்ஸர் மாதிரி வேலிக்கு வெளியே). அவர் ஓடிய ரன் 202, அவர் அடித்ததால் வந்த ரன் 222, சராசரி .355. பேஸ்பாலின் மிகப் புகழ்பெற்ற பேட்டரான பேப் ரூத் மேஜர் லீக்கில் 60 அடித்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1927-இல். அந்த 1927-இல் ரூத்தோடு அதே யாங்கீஸ் டீமில் இரண்டாம் பேஸில் நின்றது இதே லசேரிதான்.

இந்த எண்களை நோட்டில் எழுதும்போது பக்கத்திலேயே இரண்டு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, பசிபிக் கோஸ்ட் லீக் சீசன் அப்போது ஏறத்தாழ 200 ஆட்டம். கலிபோர்னியாவில் குளிர் குறைவு, அதனால் நீண்ட நாள் ஆடுவார்கள். மேஜர் லீக்கில் 154 தான். இரண்டாவது, காற்று. சால்ட் லேக் சிட்டி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட சுமார் 12 சதவீதம் குறைவு. அடித்த பந்துக்குத் தடை குறைவு, கூடுதல் தூரம் பறக்கும். சுழற்றி வீசும் பந்தும் குறைவாகத்தான் வளையும். இரண்டுமே பேட்டருக்கு லாபம், பிட்சருக்கு நஷ்டம்.

இதைப் படித்து மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சேலத்துக்காரர்களுக்கு ஆய்வுக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சால்ட் லேக்கைவிடவும் உயரம். சேலம் டவுன் 280 மீட்டர் சொச்சம். ஒரே பந்தை, ஒரே மட்டையோடு, ஒரே பையனைக் காலையில் இங்கே அடிக்கச் சொல்லி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் அங்கே ஒரு மைதானத்தில் அனுமதி வாங்கி அடிக்கச் சொல்லுங்கள். காற்றில்லாத நேரமாகப் பாருங்கள். ஒரு பந்தில் தெரியாது. முப்பது பந்து அடித்து, விழுந்த இடத்தை அடையாளம் வைத்து, சராசரி எடுக்க வேண்டும். ஸ்விங் போடுகிற பையன் கிடைத்தால் இன்னும் நல்லது, மலையில் பந்து வளைய மறுப்பது பேட்ஸ்மேனுக்கே தெரியும். இதைச் செய்து பார்த்துவிட்டு 60 என்ற எண்ணைப் பாருங்கள். அதன் பெருமை குறையாது, அளவு சரியாகத் தெரியும்.

1987

ட்ராப்பர்ஸ் டீமுக்கு மேலே பெரிய டீம் எதுவும் கிடையாது. தன் காலில் நின்ற டீம். மேஜர் லீக்குகள் வருஷாவருஷம் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் கூப்பிடாமல் விட்ட பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஆடினார்கள். நடிகர் பில் மர்ரி முதலாளிகளில் ஒருவர். 1987 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்தார்கள். தொழில்முறை பேஸ்பாலில் அதற்கு முன்பிருந்த சாதனை 27. அதை 1902-இல் கார்சிகானாவும் 1921-இல் பால்டிமோரும் வைத்திருந்தன. முப்பதாவதில் பில்லிங்ஸ் டீமிடம் தோற்றார்கள். அந்த வருஷக் கோப்பையும் ட்ராப்பர்ஸுக்கே, தொடர்ந்து மூன்றாவது முறையாக. உள்ளூர் ஆட்டங்கள் நடந்த இடம் அதே டெர்க்ஸ் ஃபீல்ட், அதே மூலை.

யாரும் வேண்டாம் என்று விட்ட பையன்கள் இதைச் செய்தார்கள் என்பது எனக்குப் படிக்கும்போதெல்லாம் தொண்டையை அடைக்கும். நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் இந்திய அணி வரை போனதைப் பார்த்தவர்களுக்கு இந்த உணர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: அந்த 29 ஆட்டத்தை ஆடியவர்களில் பலரின் பெயர் அதற்கப்புறம் பத்திரிகையில் வரவேயில்லை. அதனால்தான் ஆட்டம் ஆட்டமாக எடுத்து எழுதச் சொல்கிறேன். ஒரு பக்கத்தை 29 வரியாகப் பிரித்து தேதி, எதிரணி, ஸ்கோர், ஜெயித்த பிட்சர் என்று நிரப்புங்கள். பேரன் அங்கிருந்து பாதி, நீங்கள் இங்கிருந்து பாதி என்று பங்கு போட்டுக்கொள்ளலாம். சால்ட் லேக் பொது நூலகத்தில் பழைய பத்திரிகை பார்க்கிற வேலையை அவனிடம் கொடுங்கள்.

ஒரு தகவல், தேதி பார்க்கும்போது உதவும். ஜூலை 24 யூட்டாவில் மாநில விடுமுறை. 1847-இல் முதல் குடியேறிகள் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த நாள். நமக்கு ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அதை ஒட்டிய நாட்களின் பத்திரிகையை விடாமல் பாருங்கள்.

ஆட்டத்தை நேரடியாகக் கேட்பது

வரலாறு படிப்பவர் இன்றைய ஆட்டத்தையும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய அட்டை உயிரில்லாமல் கிடக்கும். சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் அவர்கள் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் பதினொன்றரை மணி வித்தியாசம். அங்கே மாலை 6.35-க்கு ஆட்டம் என்றால் இங்கே மறுநாள் காலை 6.05. இதைவிட வசதி என்ன வேண்டும்? காபியோடு உட்கார்ந்தால் எட்டரை, ஒன்பதுக்குள் முடிந்துவிடும். மைனர் லீக்கின் இணையதளத்தில் ரேடியோ வர்ணனை கேட்கலாம்.

படத்தைவிட ரேடியோ நல்லது என்பேன். கண் சும்மா இருப்பதால் கை எழுதும். ஒரு பக்கத்தில் ஒன்பது வரி, ஒன்பது பத்தி போட்டுக்கொண்டு, வர்ணனையாளர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி பேட்டர் அவுட்டாவது) என்றால் கே என்று குறிப்பார்கள், தமிழிலேயே "கே" போடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. நடந்து போனால் "ந". ஹிட்டுக்கு ஒரு கோடு, இரண்டு பேஸ் ஹிட்டுக்கு இரண்டு கோடு, ஹோம் ரன்னுக்கு சதுரத்தை முழுசாகக் கறுப்பாக்குங்கள். ஆரம்பத்தில் நாலாவது இன்னிங்ஸ் வாக்கில் குழம்பும், ஏனென்றால் பிட்சரை மாற்றத் தொடங்குவார்கள். மாறியவுடன் அந்த இடத்தில் தடிமனாக ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட்டால் குழப்பம் தீரும். ஆட்டம் முடிந்ததும் தளத்தில் வரும் பாக்ஸ் ஸ்கோரோடு ஒத்துப் பாருங்கள்.

அங்கே போகும்போது

பிள்ளைகள் கூப்பிட்டு ஆறு மாசம் போய் இருக்கிறவர்கள், கோடைகாலமாகத் தேர்ந்தெடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து பீஸ் புது மைதானத்தில் ஆடுகிறார்கள், ஊருக்குத் தெற்கே சவுத் ஜோர்டானில், டேபிரேக் என்ற புதுக் குடியிருப்புப் பகுதியில். பிள்ளைகள் வீடு எடுத்திருப்பது அந்தத் திசையில் என்றால் வசதி. ஆனால் 96 வருஷம் ஒரே மூலையில் நடந்த ஆட்டம் அங்கிருந்து போய்விட்டதே என்று பழைய மைதானத்தைச் சுற்றியிருக்கிறவர்களுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பகுதிக்கே பெயர் பால்பார்க். ஒரு ஊர்ப்பகுதி மைதானத்தின் பெயரைத் தன் பெயராக வைத்திருக்கிறது, மைதானத்தில் ஆட்டம் இல்லை. புது இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இந்த இழப்பை வரலாறு எழுதுகிறவர் குறிக்காமல் விடக்கூடாது என்பது என் கட்சி.

இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ட்ராக்ஸ் என்ற உள்ளூர் ரயிலில் ரெட் லைன், டேபிரேக்கிலிருந்து கிளம்பி ஊருக்குள் பால்பார்க் ஸ்டேஷன் வழியாகத்தான் போகும். மதியம் முதலில் பால்பார்க்கில் இறங்குங்கள். 1300 சவுத், வெஸ்ட் டெம்பிள் மூலை வரை நடந்து, கிழக்கே பாருங்கள். அஸ்தம்பட்டியிலிருந்து வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை எழுந்து நிற்கிறதே, அதுபோல வாசாட்ச் மலைத்தொடர் நிற்கும். லசேரி ஆடியது இந்த மூலையில் இல்லை, அவர் காலத்தில் பானவில் பார்க். ட்ராப்பர்ஸ் ஆடியது, கல்ஸ் ஆடியது, ட்ரவுட் அந்த ஏப்ரலில் ஆடியது எல்லாம் இங்கேதான். யாராவது வயதானவர் எதிரே வந்தால் "டெர்க்ஸ் ஃபீல்ட் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இங்கிலீஷ் தயக்கம் வேண்டாம், அந்த இரண்டு சொல்லே போதும், மீதியை அவர்கள் பேசுவார்கள். சொன்னதை அன்றைக்கே, சொன்னவர் வயதோடும் தேதியோடும் நோட்டில் எழுதிவிடுங்கள். அப்புறம் அதே ரயிலில் திரும்பி, ஆறரை மணி ஆட்டத்துக்குப் புது மைதானத்தில் பென்சிலோடு போய் உட்காருங்கள்.